12 டெசிபெல்லின் மூன்று விலைகள்

புனேயின் கிழக்கு விளிம்பிலுள்ள கராடியிலிருந்து வடக்கே நேர்க்கோடு இழுத்தால், சுமார் 60 கி.மீ. தூரத்தில் நாராயண்காவை அடுத்த கோடத் கிராமம் வரும். ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்கள். 14 நடுவில் நெருக்கமாகவும், மீதி 16 ஒய் வடிவக் கைகளில் பரந்தும் நிற்கின்றன. ஊட்டி முத்தொரை மலைச்சரிவில் 1970-ல் 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியை எழுப்பிய கோவிந்த் ஸ்வரூப்தான் இதற்கும் மூலகர்த்தா. மனிதர் உண்டாக்கும் ரேடியோ இரைச்சல் குறைவு என்பதும் இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம்.

கராடி இதற்கு நேரெதிரான இடம். இயான் ஐ.டி. பூங்காவைச் சுற்றி எழுந்த கட்டடங்களில் மென்பொருளோடு மின்னணு வடிவமைப்பும் நடக்கிறது. வடமேற்கே சாக்கனிலும் பிம்ப்ரி-சிஞ்ச்வடிலும் கார் தொழிற்சாலைகள். புனே வட்டாரத்தில் வரையப்படும் எந்த மின்சுற்றுப் பலகையை எடுத்தாலும், அதில் பெரும்பாலும் குறைந்தது ஒரு ஸ்விட்சிங் ரெகுலேட்டர் இருக்கும். ஒரு நொடிக்குப் பல லட்சம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி இணைக்கும் அந்தச் சிறு சுற்றிலிருந்து எழும் மின்னிரைச்சலை எப்படி அடக்குவது என்பது பழைய கேள்வி. இன்று புழக்கத்திலிருக்கும் வழிகளில் எது இரைச்சலையே குறைக்கிறது, எது அளக்கும் கருவியை மட்டும் சமாதானப்படுத்துகிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஸ்விட்சிங்கை விட்டுவிட்டுப் பழைய லீனியர் ரெகுலேட்டருக்குத் திரும்பு என்பது தீர்வாகாது. 12 வோல்ட்டிலிருந்து 3.3 வோல்ட்டில் 1 ஆம்பியர் வேண்டுமென்றால், லீனியர் ரெகுலேட்டர் பயன்படும் 3.3 வாட்டுக்காக 8.7 வாட்டைச் சூடாக்கி வீணடிக்கும். 90 சதவீதத் திறனுள்ள ஸ்விட்சிங் ரெகுலேட்டருக்கு அதே வேலையில் இழப்பு 0.37 வாட்தான். பேட்டரியில் ஓடும் கருவிக்கும், மூடிய பெட்டிக்குள் இருக்கும் கார் மின்னணுவுக்கும் இதில் தேர்வுக்கே இடமில்லை. இரைச்சலோடு வாழ்ந்தாக வேண்டும். எவ்வளவு இரைச்சலோடு என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

இரைச்சல் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் அது இரண்டு. ஒன்று ரிப்பிள். ஸ்விட்சிங் வேகத்திலேயே வெளியீட்டு மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் ஏறி இறங்குவது. இது சாது. கணக்குப் போட்டுக் கணிக்கலாம், கெப்பாசிட்டரைக் கூட்டினால் குறையும். இன்னொன்று, ஸ்விட்ச் திறந்து மூடும் அந்தச் சில நானோநொடியில் பிறப்பது. உள்ளீட்டுக் கெப்பாசிட்டர், மேல் ஸ்விட்ச், கீழ் ஸ்விட்ச், மறுபடி கெப்பாசிட்டர் என்று ஒரு வளையம் இருக்கிறது. அதில் மின்னோட்டம் சீராக ஓடுவதில்லை. நின்று, பாய்ந்து, மறுபடி நிற்கிறது. பலகையில் வெறும் செப்புத் தடம்தானே என்று நாம் நினைக்கும் இடத்தில் சில நானோஹென்றி இண்டக்டன்ஸ் ஒளிந்திருக்கிறது. வளையத்தில் 10 நானோஹென்றி இருந்து, 3 ஆம்பியர் 10 நானோநொடியில் மாறினால், அந்தச் செப்பின் குறுக்கே 3 வோல்ட் துள்ளும். 3.3 வோல்ட்டில் ஓடும் சில்லுக்குப் பக்கத்தில் 3 வோல்ட் துள்ளல்.

துள்ளலோடு முடிவதில்லை, அது மணிபோல் அதிர்கிறது. வளையத்தின் இண்டக்டன்ஸ் 5 நானோஹென்றி, ஸ்விட்ச் முனையின் கெப்பாசிட்டன்ஸ் 200 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டால் அதிர்வெண் ஏறக்குறைய 159 மெகாஹெர்ட்ஸ். நடைமுறையில் வெகு சாதாரணமாக அமையும் அளவுகள் இவை. மேம்படுத்தப்பட்ட ஜி.எம்.ஆர்.டி. கேட்கும் பட்டைகளில் ஒன்று சுமார் 120 முதல் 250 மெகாஹெர்ட்ஸ் வரை. கோடத்தில் காதைத் தீட்டிவைத்திருக்கும் அதே இடத்தில்தான் கராடியின் பலகை கத்துகிறது.

இந்த இரண்டாவது இரைச்சலைப் பொறியாளர் பலர் பார்ப்பதே இல்லை. காரணம் அலட்சியமில்லை, அளக்கும் பழக்கமே அப்படி. ரெகுலேட்டரின் டேட்டாஷீட்டில் ரிப்பிள் அளவுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 20 மெகாஹெர்ட்ஸ் பட்டையகலம் என்று போட்டிருக்கும். ஆஸிலோஸ்கோப்பில் அந்த வரம்புப் பொத்தானை அழுத்தினால் அலைவடிவம் அழகாகிவிடும். 159 மெகாஹெர்ட்ஸ் அதிர்வு திரையிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிடும். பலகையில் அது இருந்தபடியேதான் இருக்கும். ரிப்பிளை மற்ற ரெகுலேட்டரோடு ஒப்பிட இந்த வரம்பு நியாயமானது. இரைச்சலே இவ்வளவுதான் என்று அந்த எண்ணைப் படிப்பது நியாயமில்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ப்ரோபின் கிரவுண்ட் கிளிப் ஒரு சாண் கம்பி. அதை மாட்டிக்கொண்டு ஸ்விட்ச் முனைக்கு அருகே அளந்தால், அந்தக் கம்பியும் ப்ரோபும் சேர்ந்து தாமே ஓர் ஆன்டெனா ஆகிவிடும். திரையில் 200 மில்லிவோல்ட் ஊசிகள் தெரியும். கிளிப்பைக் கழற்றிவிட்டு, ப்ரோபின் மூக்கில் செருகும் குட்டி ஸ்பிரிங்கால் கெப்பாசிட்டரின் கிரவுண்ட் முனையையே தொட்டால், ஊசிகள் பல மடங்கு சுருங்கிவிடும். பலகை மாறவில்லை, மாறியது அளவைதான். ப்ரோபின் முனையையும் கிளிப்பையும் ஒன்றாகச் சேர்த்து, இரண்டையும் கிரவுண்டின் ஒரே புள்ளியில் வைத்துப் பாருங்கள். அப்போதும் திரையில் ஊசி தெரிந்தால், அது கம்பி வளையம் காற்றில் பிடித்தது. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் இரைச்சல் பற்றி எழுதப்படும் எந்த அறிக்கையையும் நம்புவதற்கில்லை.

அளவை சரியானால் வைத்தியத்துக்கு வரலாம். பலரும் முதலில் கை நீட்டுவது, ஸ்விட்சிங்குக்குப் பின்னால் எல்.டி.ஓ. என்ற சிறு லீனியர் ரெகுலேட்டர் ஒன்றை வைப்பதற்கு. சில நூறு கிலோஹெர்ட்ஸ் ரிப்பிளுக்கு இது நல்ல மருந்து. ஆனால் எல்.டி.ஓ.வின் தடுக்கும் திறன் அதிர்வெண் ஏற ஏற விழுந்துகொண்டே வரும். 100 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய துள்ளல், உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரின் ஒட்டுக் கெப்பாசிட்டன்ஸ் வழியாகவே அந்தப் பக்கம் போய்விடும். அடுத்தது ஃபெரைட் பீட். 100 மெகாஹெர்ட்ஸில் 600 ஓம் என்று அச்சிட்டிருப்பது மின்னோட்டம் பாயாத நிலையில் எடுத்த எண். ஆம்பியர் ஏறினால் ஃபெரைட் நிறைந்து அந்த ஓம் சரியும். போதாக்குறைக்கு, பின்னால் இருக்கும் செராமிக் கெப்பாசிட்டரோடு சேர்ந்து வேறோர் அதிர்வெண்ணில் இரைச்சலைக் கூட்டவும் செய்யும். இரண்டுமே பயனுள்ள துணைகள். மூலத்தைத் தொடாதவை.

உண்மையான போட்டி மூன்று வழிகளுக்கிடையில். வியப்பான விஷயம், மூன்றுமே ஏறக்குறைய ஒரே அளவு பலனைக் காட்டுபவை: 150 மெகாஹெர்ட்ஸ் வாக்கில் 12 டெசிபெல். எண் ஒன்றாக இருப்பதால்தான் மூன்றும் ஒன்று என்ற மயக்கம் வருகிறது.

முதலாவது ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம். இதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும், ஏனென்றால் இன்று புதிய ரெகுலேட்டர் சில்லுகளின் விளம்பரத்தில் இதுதான் முன்வரிசை. 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ரெகுலேட்டரின் இரைச்சல், 2, 4, 6 என்று 2 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் கம்பி கம்பியாக நிற்கும். ஸ்விட்சிங் வேகத்தையே மேலும் கீழும் 5 சதவீதம் அசைத்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு கம்பியும் அகன்று தாழும். 75-வது கம்பி 150 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. அங்கே அந்த 5 சதவீத அசைவு 15 மெகாஹெர்ட்ஸ் அகலமாகிவிடும். பக்கத்துக் கம்பி 2 மெகாஹெர்ட்ஸ் தள்ளித்தானே இருந்தது? ஆகவே ஒன்றின்மேல் ஒன்று ஏழெட்டுக் கம்பிகள் படிந்து, இடைவெளியே இல்லாத சமதளம் உருவாகும். சோதனைக்கூடத்தின் அளவி 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் 120 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறது. முன்பு அந்த ஜன்னலுக்குள் முழுக் கம்பியும் விழுந்தது. இப்போது சராசரியாக 17-ல் ஒரு பங்குதான் விழும். அதாவது 12 டெசிபெல் குறைவு. பலகை சோதனையில் தேறிவிடும்.

வெளியே வந்த மொத்த ஆற்றலில் ஒரு துளியும் குறையவில்லை. ஒரு வண்டிக் குப்பையை ஒரே வாசலில் கொட்டாமல், தெரு முழுக்க எல்லார் வாசலிலும் கைப்பிடி கைப்பிடியாகத் தூவியதுபோல. ரேடியோ வானியலாளர் நிலையிலிருந்து பார்த்தால் இது முன்பைவிட மோசம். கம்பிகளாக இருந்தபோது கறைபட்ட அலைவரிசைகளை வெட்டியெறிந்துவிட்டு, நடுவிலிருந்த சுத்தமான இடைவெளிகளை அவர் பயன்படுத்தலாம். தூவிய பிறகு வெட்டுவதற்கும் ஒன்றுமில்லை, வைத்துக்கொள்வதற்கும் ஒன்றுமில்லை. நெடுநேரம் கூட்டிச் சேர்த்து மெல்லிய குறியைத் தேடும் கருவிக்கு, வானத்திலிருந்து வரும் தொடர் இரைச்சலையும் இந்தத் தொடர் இரைச்சலையும் பிரிப்பது கடினம்.

ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரத்தை ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிடவும் கூடாது. காரில் மீடியம் வேவ் கேட்பவருக்கு, அவர் வைத்த நிலையத்தின்மேலேயே கம்பி விழுந்து விசில் கேட்டுக்கொண்டிருந்தால், அதைக் கலைப்பது மெய்யான நிவாரணம். குறுகிய பட்டையைக் கேட்கும் ரிசீவர்களுக்கு அது உதவும். உதவி யாருக்கு, செலவு யார் தலையில் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது வழி, ஸ்விட்சின் விளிம்பை மெதுவாக்குவது. 5 நானோநொடியில் ஏறியதை 20 நானோநொடியில் ஏறவிட்டால், 150 மெகாஹெர்ட்ஸில் இரைச்சல் நான்கில் ஒன்றாகும். இதுவும் 12 டெசிபெல்தான். இது மெய்யான குறைவு, ஜன்னலைப் பொறுத்த குறைவு அல்ல. விலையைக் கணக்கிடுவோம். 12 வோல்ட், 1 ஆம்பியர், 2 மெகாஹெர்ட்ஸ் என்றால் விளிம்புகளில் எரியும் ஆற்றல் தோராயமாக 0.12 வாட்டிலிருந்து 0.48 வாட்டுக்கு ஏறும். மொத்த இழப்பே 0.37 வாட்டாக இருந்த சுற்றில் 0.36 வாட் கூடுவது சாதாரணமில்லை, இழப்பு இரட்டிப்பாகிறது. ஸ்விட்சிங் வேகத்தை 400 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கினால் கூடுதல் 0.07 வாட்தான், ஆனால் இண்டக்டர் காயில் ஐந்து மடங்கு மதிப்புள்ளதாக வளரும். இடமிருக்கும் கருவிக்கு இது நல்ல பேரம். கைக்கடிகாரத்துக்கு நடக்காது. கார் மின்னணு 2 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே போனதற்கும் காரணம் உண்டு: மீடியம் வேவ் பட்டை சுமார் 1.6 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது, அடிப்படை அதிர்வெண்ணை அதற்கு மேலே கொண்டுபோய்விட்டால் ரேடியோ தப்பிக்கும். கீழே இறங்குங்கள் என்று அவர்களிடம் சொல்வதற்கில்லை.

மூன்றாவது, வளையத்தைச் சுருக்குவது. சிறு வளையம் காற்றில் வீசும் இரைச்சல் அதன் பரப்புக்கு நேர்விகிதம். பரப்பைக் கால்வாசியாக்கினால் மறுபடி அதே 12 டெசிபெல். கூடவே வளையத்தின் இண்டக்டன்ஸும் குறைவதால் துள்ளலும் குறையும். திறன் இழப்பு கிடையாது. காயில் பெரிதாகாது. யார் வாசலிலும் எதுவும் தூவப்படாது. உள்ளீட்டு செராமிக் கெப்பாசிட்டரைச் சில்லின் காலோடு ஒட்டி வைப்பது, அதற்கு நேர் கீழடுக்கில் வெட்டில்லாத கிரவுண்ட் தளம் விடுவது, ஸ்விட்ச் முனையின் செப்பைத் தேவைக்கு மேல் பரப்பாமல் இருப்பது. செலவு ஒரே ஒரு சிறு கெப்பாசிட்டர், கொஞ்சம் வரைபட உழைப்பு. இரண்டடுக்குப் பலகை நான்கடுக்கு ஆனால் அந்த வித்தியாசம். லீனியர் டெக்னாலஜி நிறுவனம் கொண்டுவந்த சைலன்ட் ஸ்விட்சர் வரிசை புகழ்பெற்றதும் இதே இயற்பியலால்தான். சில்லின் இரு பக்கமும் சமமான இரண்டு வளையங்கள், ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழிக்கும். பிந்தைய தலைமுறையில் கெப்பாசிட்டரையே சில்லின் கூட்டுக்குள் வைத்துவிட்டார்கள்.

இந்த மூன்றாவது வழி எங்கே தவறவிடப்படுகிறது என்று பார்க்க, புனே புதவார் பேட்டையின் தாப்கீர் கல்லிக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ போனால் போதும். எல்.எம்.2596 என்று பெயர் பொறித்த நீலநிறக் குட்டிப் பலகை குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஒரு காயில், ஒரு டையோடு, திருகி மின்னழுத்தம் மாற்றும் ஒரு டிரிம்பாட், உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக இரண்டு உருளை எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள். உள்ளீட்டில் செராமிக் கெப்பாசிட்டரைத் தேடினால் பெரும்பாலும் இருக்காது. வேகமான மின்னோட்டம் எலக்ட்ரோலிட்டிக்கின் உயரமான உடலுக்குள் போய்த் திரும்ப வேண்டும். வளையம் செப்புத் தடத்தோடு நிற்காமல் அந்த உருளைக்குள்ளும் நீள்கிறது. 150 கிலோஹெர்ட்ஸில் ஓட வேண்டிய சில்லுக்குப் பதில் அதைவிட வெகு மெதுவாக ஓடும் போலிச் சில்லு இருப்பதும் உண்டு. மாணவர் பரிசோதனைக்கு இது போதும். ஆனால் இதே வரைவு, இதே பழக்கம் எல்.ஈ.டி. விளக்குக்கும் சார்ஜருக்கும் பம்ப் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் ஏறிவிடுகிறது.

சான்றிதழ் இருந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. வீடுகளில் புழங்கும் மல்டிமீடியா கருவிகளுக்கான சிஸ்பர் 32 வரம்பு, 10 மீட்டர் தூரத்தில் 30 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரை மீட்டருக்கு 30 டெசிபெல் மைக்ரோவோல்ட். அதாவது ஏறக்குறைய 32 மைக்ரோவோல்ட். 120 கிலோஹெர்ட்ஸ் ஜன்னலில் பரப்பிப் பார்த்தால் இது சுமார் 200 கோடி ஜான்ஸ்கி. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஆர்.ஏ.769 பரிந்துரை, 150 மெகாஹெர்ட்ஸ் வாக்கில் வானியலுக்குத் தீங்கு என்று வகுத்த எல்லை ஒன்றேகால் ஜான்ஸ்கி. தடையற்ற வெளி என்று வைத்துக்கொண்டால், வரம்பைத் துல்லியமாகத் தொட்டுத் தேறிய ஒரு கருவி 400 கி.மீ.க்கு அப்பால் போனால்தான் அந்த எல்லைக்குக் கீழே வரும்.

இந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொண்டு பயமுறுத்துவது நேர்மையாகாது. நிலம் வளைகிறது, குன்றுகள் மறிக்கின்றன, சுவர்கள் விழுங்குகின்றன. பல ஆன்டெனாக்களின் குறிகளைப் பெருக்கிப் பார்க்கும் ஜி.எம்.ஆர்.டி. போன்ற அமைப்பு உள்ளூர் இரைச்சலை ஓரளவு தானே உதிர்த்துவிடும். வெடித்து வெடித்து வரும் இரைச்சலை அந்தக் கணமே வடிகட்டும் முறையும் அங்கே உண்டு. கராடி மேசையில் இருக்கும் பலகை கோடத் ஆன்டெனாவைக் குருடாக்காது.

ஆனால் பலகை கராடியிலேயே தங்கப்போவதில்லை. நாராயண்காவ் தக்காளிச் சந்தையின் விளக்கிலும், ஜுன்னர் தாலுகா திராட்சைத் தோட்டத்துச் சூரிய பம்ப்பின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலும், ஆன்டெனாவுக்குச் சில கி.மீ. பக்கத்து வீட்டின் சார்ஜரிலும் போய் உட்காரும். 60 கி.மீ. என்ற தூரம் வடிவமைப்பாளருக்குத்தான், பொருளுக்கு இல்லை. புனே–நாசிக் அரை அதிவேக ரயில் தடத்தையே இந்தத் தொலைநோக்கிக்காக மாற்ற வேண்டும் என்று ரயில்வே முடிவெடுத்தது. ரயில் ஒன்று, தெரிகிறது, திருப்பிவிடலாம். லட்சக்கணக்கான சின்னப் பெட்டிகளை யார் திருப்புவது? இந்தியாவின் கட்டாயப் பதிவுத் திட்டம் விளக்குகளிலும் சார்ஜர்களிலும் முக்கியமாகப் பார்ப்பது மின்தாக்கு, தீ முதலிய பாதுகாப்பைத்தான்.

ஒரே ஒரு தொலைநோக்கிக்காக எல்லாரும் ஏன் செலவழிக்க வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். அந்தத் தொலைநோக்கி என்ன கேட்கிறது என்று சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்: 2016 அக்டோபரில் செவ்வாயில் இறங்க முயன்ற ஐரோப்பாவின் ஸ்கியாப்பரெல்லி கலத்தின் சொற்ப வாட் குறியைப் பூமியிலிருந்து பிடித்தது கோடத்தில்தான். அதை விட்டாலும், இதே இரைச்சல் உங்கள் பலகையின் ஜி.பி.எஸ். ரிசீவரையே செவிடாக்கக்கூடும்; வைஃபை எட்டும் தூரத்தைக் குறைக்கவும் கூடும். மின்சார கார்களில் இரைச்சலை அடக்கும் செலவுக்குப் பதில் ஏ.எம். ரேடியோவையே எடுத்துவிட்ட உலக நிறுவனங்கள் உண்டு. கேட்பவரை வெளியேற்றிப் பிரச்சினையைத் தீர்ப்பது பொறியியலில் தோல்வி என்றே கணக்கில் வர வேண்டும்.

ஆகவே என் முடிவு இது. வளையத்தைச் சுருக்குவது முதல்; அதற்கு நிகராக வேறெதுவும் இல்லை, விலையும் அதற்குத்தான் குறைவு. இடமும் வெப்பமும் அனுமதித்தால் விளிம்பை மெதுவாக்குவது அடுத்தது. வடிகட்டியும் எல்.டி.ஓ.வும் எஞ்சிய ரிப்பிளுக்கு. ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் கடைசி. மற்றவை சரியாக அமைந்த பலகையில் மேற்பூச்சாக இருக்கலாம், மோசமான பலகையைத் தேற்றிவிடும் ஊன்றுகோலாக இருக்கக் கூடாது. வடிவமைப்பை ஒப்புக்கொள்ளும் இடத்தில் இருப்பவர்கள் ஒன்றை மட்டும் செய்யுங்கள்: ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரத்தை அணைத்துவிட்டு முதல் சோதனையை ஓட்டச் சொல்லுங்கள். அப்போதும் வரம்புக்குள் நிற்கும் பலகைக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.